ஒளித்தட்டு மட்டும் போதாது
ஒளிரும் பிளேடு (மேலே சுழலும் இறக்கை) மாட்டிவிட்டால் ஆர்சி ஹெலிகாப்டரை, அதாவது ரிமோட்டில் ஓட்டும் சிறிய ஹெலிகாப்டரை, இரவிலும் பகல் போலவே ஓட்டலாம் என்று இங்கே வந்த கட்டுரையில் இருக்கிறது, என் அனுபவத்தில் அது பாதி உண்மைதான். பிளேடில் பதித்த எல்இடிகள் சுழலும்போது நமக்குத் தெரிவது ஓர் ஒளித்தட்டு மட்டுமே. அது நம்மை நோக்கிச் சாய்கிறதா, அப்பால் சாய்கிறதா என்று இருட்டில் பிரித்துப் பார்க்க முடியாது, இரண்டும் ஒரே நீள்வட்டம்தான். முதல் இரவு, 40 மீட்டர் தள்ளி இருந்த ஹெலிகாப்டர் விலகிப் போகிறது என்று நினைத்து ரிமோட்டின் ஸ்டிக்கை என் பக்கம் இழுத்தேன். அது ஏற்கெனவே என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. விர்ரென்ற சத்தம் பெருத்த பிறகே புரிந்தது, சட்டென்று உயரே ஏற்றித் தப்பித்தேன். மறுநாளே மூக்கில் பச்சை, வால் துடுப்பில் சிவப்பு, வால் குழாய் நெடுக வெள்ளை விளக்குப் பட்டை ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் நிம்மதியாகப் பறக்கவிட முடிந்தது. ஹெலிகாப்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து ஓட்டுபவர்களுக்கு மேல்பக்கமும் அடிப்பக்கமும் வேறு வேறு நிறத்தில் ஒளிரும் பிளேடுதான் சரி. அப்புறம், இதே கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் சாதாரண பிளேடிலேயே எல்இடியையும் சின்ன பேட்டரியையும் டேப் போட்டு ஒட்டலாம் என்கிறார். தயவுசெய்து வேண்டாம். 600 அளவு (பிளேடு நீளம் சுமார் 60 செ.மீ.) ஹெலிகாப்டரில் ரோட்டார், அதாவது பிளேடுகள் மாட்டிய சுழலி, நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், மையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி ஒட்டிய 5 கிராம் பொருளை சுமார் 6.7 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே இழுக்கும். இருட்டில் அது பிய்ந்து யார் முகத்தை நோக்கி வருகிறது என்றுகூடத் தெரியாது.