குரங்கம்மை வைரஸ் லேப்ல செஞ்சதா? அந்த பார்வர்ட் பத்தி

ரெண்டு நாளா ஒரு வாட்ஸப் மெசேஜ் சுத்துது. குரங்கம்மை வைரஸ்ல மனுஷ ஜீன் மாதிரியே ஜீன் இருக்காம், அதனால லேப்ல செஞ்சதாம், நோய் எதிர்ப்பு சக்திய ஏமாத்திடுமாம், தடுப்பூசி வேஸ்ட்டாம்.

அரை உண்மைதான், அதான் நம்புறாங்க. ஏமாத்துறது நெஜம். நம்ம செல் "வைரஸ் வந்துருச்சு"ன்னு மத்த செல்லுக்கு சொல்ல இன்டர்ஃபெரான்னு ஒண்ண அனுப்பும், குரங்கம்மை குடும்பத்து வைரஸுங்க அத பிடிச்சு வெச்சுக்க ஒரு போலி ரிசெப்டார (செல்லுல அந்த சேதிய வாங்கிக்கிற பாகம் மாதிரியே இருக்கற ஒண்ண) வெளிய விடும், தபால்காரர நடுவழில மடக்குற மாதிரி. ஆனா இது பசு அம்மைலயும் இருக்கு, பெரியம்மை தடுப்பூசிக்கு யூஸ் பண்ண வாக்சினியாங்கற வைரஸ்லயும் இருக்கு. தொத்திக்கிட்ட உயிரினங்ககிட்டருந்து காலங்காலமா சுட்ட ஜீன்தான் இதுல பல, லேப் தேவையில்ல. குரங்கம்மைய கண்டுபிடிச்சதே 1958-ல, ஜீன் வெட்டி ஒட்டுற டெக்னிக்கே 1970-கள்லதான் வந்துச்சு.

தடுப்பூசி வேஸ்ட்டா? இதே தில்லாலங்கடி வேல காட்டுன பெரியம்மைய தடுப்பூசி போட்டுத்தானே ஒழிச்சாங்க, 1980-ல அறிவிச்சாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட வெப்சைட்ல எம்பாக்ஸ் (குரங்கம்மையோட புதுப் பேரு) பக்கத்த பாருங்க, இருக்கும். அந்த மெசேஜ மேல அனுப்பாதீங்க, ப்ளீஸ்.