நேரம் சரியாக இருந்தால்தான் நேரத்தைச் சரிசெய்து தருவார்களாம்

மின்சாரம் போய் வந்தவுடன் கணினி எதற்காக 2020 ஜனவரி 1ஆம் தேதிக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டாம். எனக்குத் தெரியும், இதைப் படிக்கிற உங்களுக்கும் தெரியும். மின்சாரம் இல்லாதபோது கணினியின் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி, அதாவது மதர்போர்டின் ஓரத்தில் செருகியிருக்கும் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பட்டன் செல், தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இந்த உலகத்தில் அது தெரியாத ஒரே ஆள், கணினி பழுது பார்ப்பதற்கென்றே பெரிய பலகை மாட்டிக் கடை திறந்து வைத்திருப்பவர்தான் என்பதை இன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நேற்றுப் பராமரிப்புப் பணிக்காகக் காலையில் நிறுத்திய மின்சாரத்தை மாலையில்தான் கொடுத்தார்கள். கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை, தொடர்வதற்கு எஃப்1 விசையை அழுத்தவும் என்று உத்தரவு வருகிறது. அழுத்தினால், ஊரடங்கையும் முகக்கவசத்தையும் இன்னும் அறியாத பொற்காலத்தில் விண்டோஸ் நிம்மதியாகத் திறந்துகொள்கிறது. வங்கித் தளத்துக்குப் போனால் உலாவி உள்ளே விடவில்லை. ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்கும் ஒரு தொடக்க நாளும் ஒரு முடிவு நாளும் உண்டு. 2020இல் வாழும் என் கணினியைப் பொறுத்தவரை அந்த வங்கியின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ஆகவே, "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்று எனக்கே உபதேசம். பின்தங்கியிருப்பது தெரிகிறது அல்லவா, அப்படியானால் முன்னுக்குக் கொண்டுவர வேண்டியதுதானே?

கொண்டுவராது. அதற்கென்று ஒரு நேரச் சேவை இருக்கிறது. இணையத்தில் உள்ள நேர வழங்கியைக் கேட்டுத் தானாகவே திருத்திக்கொள்ளும் என்று பெயர். ஆனால் வீட்டில் தனியாக இருக்கும் விண்டோஸ் கணினியில் அந்தச் சேவைக்கு இயல்பாகவே ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: பிழை 54,000 விநாடிகளுக்கு, அதாவது 15 மணி நேரத்துக்கு மேல் போனால் அது தொடாது. இரண்டு நிமிடம் பிசகியவனை ஓடி வந்து திருத்துமாம், பல ஆண்டுகள் பிசகியவனைக் கைவிட்டுவிடுமாம். பழைய விண்டோஸ் பதிப்புகள் இதை வெட்கமே இல்லாமல் வாய்விட்டுச் சொல்லும்: உங்கள் தேதி பொருந்தவில்லை, பாதுகாப்புக் காரணத்தால் ஒத்திசைக்க இயலாது, தேதியைச் சரிசெய்துவிட்டு மறுபடி முயலுங்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதையைத் தவிர இதற்கு ஈடாக என்னால் எதையும் சொல்ல முடியவில்லை.

செல்லை நானே மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேபினெட்டின் மூடியில் கடைக்காரர் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி செல்லாது. ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோவுக்குப் பணம் அழுது, வாங்கிய கடைக்கே போனேன். அங்கிருந்த தம்பியிடம், தேதி பின்னால் போகிறது, சிமாஸ் பேட்டரியை மாற்ற வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் நோயையும் மருந்தையும் சேர்த்தே சொன்னேன். அவர் என்னைப் பரிவோடு பார்த்து, "இது டெஸ்க்டாப் சார். பேட்டரி லேப்டாப்லதான் இருக்கும்" என்றார்.

பிறகு கணினியை இயக்கினார். வலது மூலையில் இருந்த நேரத்தைச் சொடுக்கினார். இன்றைய தேதியைக் கைப்பேசியில் பார்த்து நிறுத்தி நிதானமாகத் தட்டச்சு செய்தார். "சரியாயிடுச்சு சார்" என்றார். தம்பி, கணினியை அணைத்து, ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகிப் பாருங்கள் என்றேன். செருகினார். எஃப்1. ஜனவரி 1. மீண்டும் மூலையைச் சொடுக்கினார், மீண்டும் தேதியைப் போட்டார், மீண்டும் பிடுங்கச் சொன்னேன், மீண்டும் ஜனவரி 1. இப்படி நானும் அவரும் அந்தக் கடையில் புத்தாண்டு கொண்டாடிக் களைத்த பிறகு, அவர் மேசையில் கையூன்றி, தமிழ்நாட்டில் கணினி பழுது பார்க்கும் ஒவ்வொருவரும் சொல்லும் அந்தத் திருவாசகத்தைச் சொன்னார்: "வைரஸ் சார். ஃபார்மட் போட்டுடலாம்."

விண்டோஸ் கண் விழிப்பதற்கு முன்பே, மதர்போர்டின் சொந்த அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையிலேயே தேதி தவறாக இருக்கிறது. வன்தட்டைத் துடைத்து என் மகளின் படங்களையெல்லாம் அழித்தால் மதர்போர்டில் இருக்கும் கடிகாரம் எப்படித் திருந்தும்? இந்தத் தொழிலில் இருப்பவருக்குப் பிழையின் அளவே நோயைச் சொல்லிவிட வேண்டும். ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால், அது லினக்ஸ், விண்டோஸ் என்ற இரண்டு இயங்குதளங்கள் ஒரே கணினியில் போடும் சண்டை. முன்னது வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, பின்னது அதை உள்ளூர் நேரம் என்று படித்துத் தொலைக்கிறது. பனிக்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் பின்னால் போனால், நேர மண்டலம் இன்னும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலேயே கிடக்கிறது என்று பொருள். ஆண்டே மாறினால் செல். லினக்ஸ் போட்டிருக்கிறீர்களா என்று அவர் கேட்டிருந்தால்கூட, தவறான கேள்வியாக இருந்தாலும், கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

முதலாளி வந்தார். மூடியைத் திறக்காமலேயே, தொட்டும் பார்க்காமலேயே, மதர்போர்டு போய்விட்டது, ஆறாயிரம் ஆகும் என்றார். இந்தச் சென்னையில்தான் 1802இல் ஜான் கோல்டிங்காம் என்ற வானியலாளர், மின்சாரமும் இணையமும் இல்லாமல் வானத்தைப் பார்த்தே, கிரீன்விச்சைவிட நம் நேரம் 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முந்தியது என்று விநாடிவரை கணக்கிட்டு வைத்தார். அதே ஊரில் இன்றைக்கு ஒரு கடைக்காரருக்கு ஆண்டைச் சரிசெய்ய ஆறாயிரம் ரூபாய் வேண்டியிருக்கிறது.

நான் குரலை உயர்த்திய பிறகே மூடி திறந்தது. செல் இருந்தது, கண்ணெதிரே, பளபளவென்று. "ஓ, இதைச் சொன்னீங்களா சார்" என்றார் தம்பி. வேறு எதைச் சொன்னேன்? வாரண்டி இருக்கிறது, மாற்றித் தாருங்கள் என்றேன். செல்லுக்கு வாரண்டி கிடையாதாம். அதாவது, எந்தச் செல்லை நான் தொட்டால் வாரண்டி போய்விடுமோ, அந்தச் செல் அந்த வாரண்டியிலேயே இல்லை. போதாததற்கு, இரவில் சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பதுதான் குற்றம் என்று எனக்கே அறிவுரை. சுவிட்ச் போட்டிருக்கும்வரை அந்தக் கடிகாரம் மின்சாரத்தில் ஓடும், அணைத்தால் செல்லைத் தின்னும் என்பது உண்மைதான். சற்று முன்புவரை பேட்டரியே இல்லை என்று சாதித்தவர் வாயிலிருந்து அது வந்ததுதான் பொறுக்கவில்லை.

கடையில் செல் இருப்பும் இல்லை. தெருமுனைக் கைக்கடிகாரக் கடைக்கு என்னையே அனுப்பினார்கள். அங்கிருந்த பெரியவர் பழைய செல்லை ஒரு பார்வை பார்த்தார், "கம்ப்யூட்டரா?" என்றார், நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்ததில் வியப்பில்லை. விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம்தான் அவர் கடையின் கடிகாரங்களிலும் என் கணினியிலும் நேரம் காக்கிறது. அடுத்த முறை இந்தப் பெட்டியை நேராக அவரிடமே கொண்டுபோகப் போகிறேன்.

செல்லைப் பொருத்திய தம்பி சர்வீஸ் சார்ஜ் முந்நூற்றைம்பது என்று ரசீது கிழித்தபோது கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, அவரும் கூடச் சிரித்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் தேதி சரி, நேரம் சரி, வங்கித் தளமும் திறக்கிறது. ஆனால் கேபினெட் மூடியில் இரண்டு திருகாணிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது, பெட்டி முழுவதும் கிர்ரென்று அதிர்கிறது. பழுது பார்க்கக் கொடுத்த எந்தப் பொருளாவது முழுத் திருகாணிகளோடு உங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறதா? அத்தனை திருகாணிகளையும் வைத்துக்கொண்டு இவர்கள் அப்படி என்னதான் செய்கிறார்கள்?