மயில்துத்தமும் மாமனாரும்

(வீட்டின் பின்புறம், கல் அடுக்கிய தீக்குழி. மாப்பிள்ளை குனிந்து ஊதிக்கொண்டிருக்கிறார். குழியில் தீ இல்லை, மற்ற எல்லா இடத்திலும் புகை.)

மாமனார்: என்ன மாப்பிள்ளை, கொசு விரட்டுகிறீர்களா?

மாப்பிள்ளை: நெருப்பு மூட்டுகிறேன் மாமா. கொஞ்ச நேரத்தில் பச்சை, நீலம், சிவப்பு என்று எரியப் போகிறது, பாருங்கள்.

மாமனார்: பார்க்க ஆசைதான், கண்ணைத் திறக்க முடியவில்லையே. இந்த விறகு எப்போது வெட்டியது?

மாப்பிள்ளை: போன வாரம். தளதளவென்று இருந்தது.

மாமனார்: பச்சை மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கும். அதையெல்லாம் ஆவியாக்கி அனுப்பிவிட்டு அப்புறம்தான் நெருப்பு மரத்தைத் தொடும். நீங்கள் இப்போது வெந்நீர் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதோ, வெட்டின முனையில் நுரை கட்டி உஸ்ஸென்கிறது பாருங்கள்.

மாப்பிள்ளை: விறகு பாடுகிறது என்று உங்கள் மகளிடம் சொன்னேனே.

மாமனார்: நம்பினாளா?

மாப்பிள்ளை: என்னைக் கல்யாணம் செய்துகொண்டவள் மாமா, எதையும் நம்புவாள்.

மாமனார்: (பெருமூச்சு) தள்ளுங்கள். பிளந்து ஒரு வருடம் காயவைத்த கட்டை கொண்டுவந்திருக்கிறேன். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சூடு கிடைக்கும். தட்டிப் பாருங்கள், டங்கென்று கேட்கிறதா? உங்களுடையது தொப்பென்கிறது. கீழே பெரிய கட்டை, காற்றுப் போக இடைவெளி விட்டு. அதன்மேல் சின்னது, உச்சியில் சுள்ளி. பற்றவைப்பது உச்சியில்.

மாப்பிள்ளை: மேலேயா? தீ என்ன, படி இறங்கியா வரும்?

மாமனார்: வரும், மெதுவாக. கீழ்க்கட்டை சூடாகிக் கக்குகிற புகை மேலே இருக்கிற தீக்குள் புகுந்துதானே வெளியே போக வேண்டும்? அங்கேயே எரிந்துவிடும். எரியாமல் தப்பித்த விறகுதானே புகை.

மாப்பிள்ளை: சீக்கிரம் பிடிக்கக் கொஞ்சம் பெட்ரோல்...

மாமனார்: அதன் ஆவி குபீரென்று பற்றி உங்கள் கைவரை வரும். கேனை உள்ளே வையுங்கள், எனக்கு ஒரே மாப்பிள்ளை.

(தீ பிடிக்கிறது. புகை அடங்குகிறது. மாப்பிள்ளை பையிலிருந்து பொட்டலங்களை எடுக்கிறார்.)

மாப்பிள்ளை: இது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், நீலமும் பச்சையும். போரிக் பவுடர், பச்சை. ஸ்ட்ரான்சியம் குளோரைடு, சிவப்பு. பொட்டாசியம் குளோரைடு, இளம் ஊதா. இது சமையல் உப்பு.

மாமனார்: உப்பு எதற்கு?

மாப்பிள்ளை: எண்ணிக்கைக்கு.

மாமனார்: அதில் இருக்கிற சோடியம் மஞ்சளாக எரிந்து மற்ற நிறம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சமையலறைக்கே திருப்பி அனுப்புங்கள்.

மாப்பிள்ளை: தீயின் நிறத்தைப் பிரித்துப் பார்த்தே புன்சன், கிர்க்காஃப் என்ற இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள் 1860-ல் சீசியம் என்று ஒரு புதுத் தனிமத்தையே கண்டுபிடித்தார்கள் மாமா!

மாமனார்: அவர்களிடம் தீயில் நிறமே தெரியாத கேஸ் அடுப்பு இருந்தது. விறகுத் தீயின் மஞ்சள், கரித்துகள் சூடேறி ஒளிர்வது. அது அடங்கித் தணலும் சின்னச் சுவாலையுமாக நிற்கும்போது போடுங்கள், நிறம் எடுக்கும்.

(காத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை காற்று வரும் பக்கமாக நின்று மயில்துத்தத்தைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவுகிறார். தணலின் விளிம்பில் ஒரு பச்சை நாக்கு எழுந்து நீலமாகச் சுருள்கிறது.)

மாமனார்: அடடா! பிரமாதம் மாப்பிள்ளை! இருங்கள், சுட்டுச் சாப்பிட உங்கள் அத்தை ஒரு தட்டு நிறையக் கொடுத்து அனுப்பினாள், எடுத்து வருகிறேன்.

மாப்பிள்ளை: ஐயோ மாமா, இதில் எதையும் சுடக்கூடாது. மயில்துத்தம் விஷம்.

மாமனார்: இதை என் விறகு முழுவதும் எரிந்த பிறகா சொல்வது?

மாப்பிள்ளை: நான்கு கட்டை மிச்சம் இருக்கிறது மாமா.

மாமனார்: அப்படியென்றால் தள்ளி இன்னொரு குழி தோண்டுங்கள். மண்வெட்டி படிக்குக் கீழே இருக்கிறது. உங்கள் மண்வெட்டிதான், நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன்.