‘கிரேஸி’ யார் எழுதிய பாட்டு?

‘கிரேஸி’ அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி பேட்ஸி கிளைன் எழுதிய பாட்டு, இன்னொரு கன்ட்ரி பாடகரான வில்லி நெல்சன் பிறகு அதை எடுத்துப் பாடினார் என்று இங்கே பலரும் பகிர்கிறார்கள். 1961-ல் பேட்ஸியின் குரலில்தான் அது ஹிட்டானது. கேட்டால் அவருடைய சொந்தப் பாட்டு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வரியும் மெட்டும் நெல்சனுடையவை. அப்போது அவர் கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில் நகரில் மற்றவர்களுக்குப் பாட்டெழுதிக்கொண்டிருந்தார். பாடகராக அவரது முதல் ஆல்பம் வந்ததே 1962-ல்தான். இந்தப் பாட்டும் அதில் உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரிபார்ப்பது சுலபம். பேட்ஸியின் இசைத்தட்டு லேபிள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பாட்டின் பெயருக்குக் கீழே வில்லி நெல்சன் என்றிருக்கும். பாட்டெழுதுபவர்களுக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் பி.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பின் இணையத் தேடலிலும் பார்க்கலாம். பாட்டோடு நெல்சன் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் அதே பெயரில் வேறு பாட்டுகள் ஏகப்பட்டவை வந்து நிற்கும்.