பழைய காமிக்ஸுக்கு விலை ஏறினால் என்ன குற்றம்?

பழைய முத்து காமிக்ஸ் ஒன்றுக்கு யாராவது ஐந்திலக்க விலை சொல்லிவிட்டால் போதும், சேகரிப்பு நண்பர்கள் வட்டாரத்தில் ஒப்பாரி தொடங்கிவிடுகிறது. கொள்ளை, பதுக்கல், பால்யத்தை ஏலம் போடுகிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் அதே வசவுகள். நானும் வாங்குகிறவன்தான், பேரம் பேசுகிறவன்தான். ஆனாலும் இந்த வழக்கில் நான் விற்பவன் பக்கம்.

1972இல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவி என்ற நாயகனுடன் முத்து காமிக்ஸ் புறப்பட்டபோது, அதைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யார் நினைத்தார்கள்? வாடகைப் புத்தகக் கடையில் ஊரே புரட்டியது. நான்கைந்தைச் சேர்த்து பைண்டிங் செய்தார்கள். அதற்காக ஓரங்களை வெட்டினார்கள். மிச்சம் எடைக்குப் போய்ப் பொட்டலம் ஆயிற்று. இன்று கைக்கு வரும் ஒரு பிரதியைப் பாருங்கள். முதல் பக்கத்தில் வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை, அதன் மேல் ஒரு பையனின் பெயரும் வகுப்பும் பிரிவும், பின்னைச் சுற்றித் துருக்கறை, புதிர்ப் பக்கத்தில் பேனாவால் போட்ட தவறான விடை. இத்தனைக்கும் தப்பி அது பிழைத்திருக்கிறது என்றால், என்றாவது இதற்குக் காசு கிடைக்கும் என்று யாரோ ஒருவர் பரணில் ஏற்றி வைத்ததுதான் பெரும்பாலும் காரணம். காகிதத்தைக் காப்பாற்றியது நம் பாசம் அல்ல, அவருடைய ஆசை. அந்த ஆசைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

'வசதியில்லாதவன் எப்படிப் படிப்பது?' என்று கேட்கிறார்கள். படிப்பதற்கு மறுபதிப்பு இருக்கிறது. மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ என்ற மும்மூர்த்தி நாயகர்களின் கதைகள் மறுபடி அச்சாகி வந்திருக்கின்றன. கதை வேண்டும் என்பவருக்குக் கதவு மூடவில்லை. முதல் பதிப்புதான் வேண்டும், அதுவும் மடங்காத அட்டையுடன் வேண்டும் என்பது பசி இல்லை, சபலம். சபலத்துக்கு விலை உண்டு. மறுபதிப்பே காணாத பழைய இதழ்களைத் தேடுகிறவர்களின் வருத்தம் மட்டும் நியாயமானது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது வேறு. அட்டை கிழிந்த இதழுக்கு கலர் ஜெராக்ஸ் அட்டை போட்டு, அதைச் சொல்லாமல் விற்கிறார்களே, அது வியாபாரம் இல்லை, திருட்டு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்து இதற்கென்றே தரம் பார்க்கும் நிறுவனம் இயங்குகிறது. பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்து முத்திரை வைத்துக் கொடுக்கிறார்கள். ஏமாற்று குறையும்தான். ஆனால் அதற்குப் பிறகு உறையை உடைக்காமல் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே முடியாது. எனக்கு அது ஒத்துவராது. நம் ஊருக்கு, நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பி, குறையை வாயால் சொல்லி விற்கும் நாணயம் இருந்தால் போதும்.

சரி, இவ்வளவு சண்டையிலும் ஒருவர் பெயர் மட்டும் அடிபடுவதே இல்லை. வரைந்தவர் பெயர்.

1938இல் 10 சென்ட்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி, 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அதில் அறிமுகமான சூப்பர்மேனின் உரிமைக்காக, அதை எழுதிய ஜெர்ரி சீகலுக்கும் வரைந்த ஜோ ஷஸ்டருக்கும் சேர்த்துக் கிடைத்தது 130 டாலர். கொடுமையின் உச்சம் என்னவென்றால், அந்த 130 டாலர் அடங்கிய காசோலைத் தாளே 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலத்தில் விற்றது. கூலி கொடுத்த தாள், கூலியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்!

அச்சுப் பிரதிக்கே இப்படி என்றால், ஓவியர் கையால் வரைந்த மூலப் பக்கத்தின் கதை இன்னும் விசித்திரம். அமெரிக்காவில் நெடுங்காலம் மூலப் பக்கங்களைப் பதிப்பகங்களே வைத்துக்கொண்டன. அச்சான பிறகு அது குப்பை என்பதுதான் அன்றைய கணக்கு. திருப்பித் தரும் வழக்கம் 1970களில்தான் நிலைபெற்றது. ஓவியர் ஜாக் கிர்பி மார்வெல் பதிப்பகத்துக்கு வரைந்தது பத்தாயிரம் பக்கங்களுக்கும் மேல். பல ஆண்டு மல்லுக்கட்டிய பின் 1987இல் அவர் கைக்கு வந்தது சுமார் இரண்டாயிரம் பக்கங்கள்தான். மற்றவற்றில் பல அதற்குள் சந்தையில் உலவிக்கொண்டிருந்தன.

ஓவியர் ஹெர்ப் டிரிம்பியின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1974இல் மார்வெலின் ஹல்க் காமிக்ஸ் 180ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் வுல்வரின் என்ற நாயகன் முதன்முதலாகத் தலைகாட்டுகிறான். அந்தப் பக்கத்தை வரைந்தவர் டிரிம்பி. 1983இல் அதை ஒரு இளம் ரசிகனுக்குச் சும்மா கொடுத்துவிட்டார். 1990களில் மார்வெலில் வேலை போயிற்று. ஐம்பது வயதைத் தாண்டிப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். 2014இல் அந்த ஒற்றைப் பக்கம் 6,57,250 டாலருக்கு விற்றது. விற்றவர் நல்ல மனிதர். பணத்தில் பெரும்பகுதியை நலிந்த காமிக்ஸ் கலைஞர்களுக்கு உதவும் அறக்கட்டளைக்குக் கொடுத்தார். எல்லா விற்பனையாளரும் அப்படி இருப்பார்களா என்ன?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நாம் கொண்டாடும் மாயாவியை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. லண்டனின் வேலியன்ட் இதழில் 1962இல் அந்தத் தொடர் தொடங்கியபோது அவர் பெயரைக்கூட அச்சிடவில்லை. அவர் பக்கங்களை நாம் தேட முடியாது, போகட்டும். ஆனால் தமிழ்ப் பதிப்புகளுக்கு அட்டைப்படம் தீட்டிய சிவகாசிக் கைகள் நம்முடையவை அல்லவா? அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தனை வரைந்த சங்கர், வாண்டுமாமாவின் படக்கதைகளுக்கு வரைந்த செல்லம், இவர்களின் மூலப் படங்களில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன? எனக்குத் தெரிந்த சேகரிப்பாளர்கள் முதல் இதழுக்கு மாதச் சம்பளத்தைக் கொட்டுவார்கள். மூலப் படம் வேண்டும் என்று கேட்டு ஒரு ஓவியர் வீட்டுப் படி ஏறியவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

மறைந்த ஒரு பத்திரிகை ஓவியரின் வீட்டில் ஒரு மூலப் படத்தைப் பார்த்தேன். அச்சானதைப்போல இரண்டு மடங்கு பெரிது. குதிரையின் கால் ஒன்றை வெள்ளைச் சாயத்தால் அழித்து வேறு வாகில் போட்டிருக்கிறார். அழித்த கால் அடியில் இன்னும் தெரிகிறது. தலைப்புக்காக விட்ட இடத்தில் பசை மஞ்சளாகிப் படர்ந்திருக்கிறது. ஓரத்தில் நீலப் பென்சிலில் அளவுக்குறிப்பு. பின்பக்கம் முழுக்கப் பெருக்கல் கணக்கு. 'அது நான் போட்டது சார், ஆறாம் வகுப்பில்,' என்றார் அவர் மகள். 'அச்சுக்கு பிளாக் எடுத்து முடிந்தால் வெறும் தாள்தானே? வீட்டுக்குத் திரும்பி வந்ததே நாலைந்துதான்.' அச்சுப் பிரதி ஆயிரக்கணக்கில் அடித்தது. இது உலகத்திலேயே ஒன்று. அதற்கு விலை இல்லாததால்தான் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். குழந்தையைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

சட்டம் ஒன்றும் ஊமையாக இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தில் சேர்ந்த 53ஏ பிரிவு, மூலச் சித்திரம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் வரைந்தவருக்கோ வாரிசுக்கோ அந்த விலையில் பங்கு உண்டு என்கிறது. உச்சவரம்பு பத்து சதவீதம். ஆனால் ஒரு கொக்கி: வரைந்தவர் அந்தப் படைப்பின் முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். மாதச் சம்பளத்துக்குப் பத்திரிகையில் அமர்ந்து வரைந்தால், இதழில் வெளியிடும் உரிமை பொதுவாக முதலாளியிடம் போய்விடும், மற்ற வகையில்தான் வரைந்தவர் முதல் உரிமையாளர். அதாவது, மிக அதிகமாக வரைந்தவர்களின் பங்கில்தான் சிக்கல் வரலாம். ஐரோப்பாவிலும் மறுவிற்பனைப் பங்கு சட்டமாக இருக்கிறது. அங்கே ஏலக்கூடங்கள் அதைக் கணக்கில் எழுதுகின்றன. நம்மிடம் எழுதச் சந்தையே இல்லை.

ஆகவே விலை ஏறட்டும், மூலப் படங்களுக்கும் ஏறட்டும் என்கிறேன். சட்டம் கேட்காவிட்டாலும் பத்து சதவீதத்தை வரைந்தவர் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை நாமே தொடங்கலாம். ரசீதில் ஓவியர் பெயரை எழுதுவதற்குக் காசுகூட ஆகாது.

என்னிடம் இரட்டையாக இருக்கும் ராணி காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்களை அடுத்த மாதம் விற்கப் போகிறேன். குறையெல்லாம் படத்தோடு சொல்லிவிடுவேன், விலையைக் குறைக்க மாட்டேன். வரும் பணத்தில் தமிழ் காமிக்ஸ் அட்டைப்பட மூலம் ஒன்றாவது வாங்க எண்ணம். உங்கள் ஊரில் பழைய ஓவியர் குடும்பம் யாராவது இருந்தால் என்னை அறிமுகப்படுத்துங்கள். விலையை அவர்களே சொல்லட்டும். இந்த ஒரு முறை நான் பேரம் பேசப் போவதில்லை.