ஆக்கர் கடைக்குப் போகும் நர்சிங் வரலாறு

மே 12, நர்சுகள் தினம் வந்தால் நர்சுகளான எங்களுக்கு ஒரு ரோஜாப்பூ, ஒரு துண்டு கேக், மேடையில் ஒரு விளக்கு. நவீன நர்சிங்கின் முன்னோடி நைட்டிங்கேல் பெயரைச் சொல்லி படத்திலும் பேட்ஜிலும் போடுகிறோமே அந்த அலாவுதீன் விளக்கு, அதை அவர் தூக்கியதே இல்லை. துருக்கியின் ஸ்குட்டாரியில், போரில் காயம்பட்டவர்களின் மருத்துவமனையில், அவர் கொண்டு நடந்தது துருக்கிக்காரர்களின் மடக்கு லாந்தர், உள்ளே மெழுகுவர்த்தி. சின்னமாக வைத்துக் கும்பிடுகிற பொருளின் கதி இது என்றால், படுத்த நோயாளிக்கு மலம் கழிக்க வைக்கும் பெட்பேனும், சிறுநீரக வடிவக் கிட்னி ட்ரேயும் எங்கே போவது? ஆக்கர் கடைக்குத்தான், அதாவது பழைய சாமான் எடுக்கும் கடைக்கு.

நர்சிங் படிக்கும்போது கருவிகளின் வரலாறு ஒரு வரியில் முடிந்துவிடும். தெர்மாமீட்டரா, ஆல்பட், 1867. பிபி கருவியா, ரிவா-ரோச்சி, 1896. டாக்டர் பெயர், ஆண்டு, ஒரு மார்க். அந்தக் கருவியைக் கழுவியது யார், வேகவைத்தது யார், அது கையில் என்ன செய்தது என்பதெல்லாம் கேள்வித்தாளில் வராது. எனக்கு இதில் ரொம்ப நாளாகக் கோபம்.

கையுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை, 1889-90 குளிர்காலம். ஆபரேஷன் தியேட்டர் பொறுப்பு நர்ஸ் கேரோலின் ஹாம்ப்டன். அப்போது கிருமிநாசினியாக மெர்க்குரிக் குளோரைடு கரைசலில் கையை முக்குவார்கள். அவர் தோல் வெந்து புண்ணாகி, வேலையை விடும் நிலை வந்துவிட்டது. சர்ஜன் ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்து வாங்கிக் கொடுத்தார். (1890இல் இருவருக்கும் கல்யாணமும் ஆனது. எல்லோரும் அந்தக் காதல் கதையில் நின்றுவிடுகிறார்கள்.) நோயாளிக்குக் கிருமி போகாமலிருக்க சர்ஜன்கள் எல்லா ஆபரேஷனிலும் கையுறை போடும் பழக்கம் சில ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. அங்கே முதல் ஜோடி ஒரு நர்சின் கைப்புண்ணுக்காக வந்தது.

இதை நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். விடியும் முன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் இருக்கும் ஊர். சிரட்டையில் சொட்டும் பாலும், கேரோலினின் கையும், வளைகுடாவில் டூட்டி பார்க்கும் எங்கள் வீட்டுப் பெண்களின் கையும் ஒரே சங்கிலிதான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு ரப்பரைப் பற்றித் தெரிந்தது ஒட்டுப்பால் (சிரட்டையில் உறைந்த ரப்பர்) விலை மட்டும்.

மூத்த சிஸ்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது கையுறையை ஒருமுறை போட்டுத் தூக்கி எறிய முடியாது. சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். காற்றை அடைத்து, மணிக்கட்டுப் பக்கம் முறுக்கித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடத்தில் ஓட்டை. அதை ஒட்டுப் போட்டு, உள்ளும் புறமும் காயவைத்து, பவுடர் தட்டி, அளவு பார்த்து ஜோடி சேர்த்து, துணியில் சுற்றி ட்ரம்மில் வைத்து, நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவுக்கு அனுப்ப வேண்டும். பஞ்சு உருட்டுவது, காயத்துக்கு வைக்கும் காஸ் துணி மடிப்பது எல்லாம் இதோடு சேர்ந்த நைட் டூட்டி. இந்த வேலைக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. நெய்யூரில் 1838இல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவப் பணி, எவரெஸ்ட் பயணத்துக்குப் பிறகு அங்கே வந்து கத்தி பிடித்த சர்ஜன் சோமர்வெல், இதெல்லாம் நம் மாவட்டத்தில் பலருக்கும் தெரியும். அந்தக் கத்தியை வேகவைத்து எடுத்துக் கொடுத்தவர் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. முனை மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டி அடுத்த ஆளுக்குப் போட்ட காலம் அது. டிஸ்போசபிள் சிரிஞ்ச் வந்தது பெரிய நிம்மதி. பாதரச தெர்மாமீட்டர் போனதிலும் எனக்கு வருத்தமில்லை. நர்சுகளே யோசித்துச் செய்ததும் உண்டு: குடல் ஆபரேஷன் ஆனவர்கள் மலம் சேர வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் பையை 1954இல் டென்மார்க்கில் யோசித்தவர் எலிஸ் சோரன்சன் என்ற நர்ஸ். ஆபரேஷனுக்குப் பிறகு வெளியே தலைகாட்டக் கூசிய சொந்தத் தங்கைக்காக. இது ஏன் பாடத்தில் இல்லை?

மருத்துவமனைகள் புதுக் கட்டடம் கட்டும்போதெல்லாம் எனாமல் ட்ரேயும், கண்ணாடி சிரிஞ்சும், மூக்கு வைத்த ஃபீடிங் கப்பும் மூட்டையாக ஆக்கர் கடைக்குப் போகின்றன. இத்தனை நர்சிங் கல்லூரி இருக்கும் மாவட்டம் இது. ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடி அலமாரி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? பொருளுக்குப் பக்கத்தில் டாக்டர் பெயர் எழுதினால் போதாது. அதை எப்படிக் கழுவினார்கள், ஒரு ஷிப்டில் எத்தனை முறை தொட்டார்கள் என்று ஓய்வுபெற்ற சிஸ்டர்களிடம் கேட்டு எழுத வேண்டும். அவர்கள் இருக்கும்போதே.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஏதாவது கிடந்தால் கமெண்டில் படம் போடுங்கள். கண்ணாடி சிரிஞ்ச் என்றால் குழலையும் பிஸ்டனையும் பிரித்துவிடாதீர்கள். இரண்டிலும் ஒரே எண் இருக்கும், ஜோடி மாறினால் மருந்து கசியும். பழைய பிபி கருவியைப் பிள்ளைகள் கையில் மட்டும் கொடுக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கும்.