காரணமே இல்லாம கூட்டம் போட்டா என்ன தப்பு?

போன வாரம் எங்க ஊரு திடல்ல கைலி கட்டிக்கிட்டு கூடி, பத்து நிமிஷம் சும்மா நின்னுட்டு கலஞ்சி போன கூத்தப் பத்தி ரெண்டு மூணு வாட்சாப் குரூப்ல இன்னும் சண்ட ஓடிக்கிட்டு இருக்கு, "வேல வெட்டி இல்லாதவனுங்க", "பெரியவங்கள வெச்சி விளையாடுறாங்க", "இதுக்குப் பின்னாடி எந்தக் கட்சி இருக்கு"ன்னு. நானும் போயிருந்தேன், அதனால என் கருத்த இங்கயே கொட்டிடறேன், குரூப்ல எழுதுனா சித்தப்பா திட்டுவாரு.

முதல்ல இது நம்ம புள்ளைங்க கண்டுபுடிச்ச கிறுக்கு இல்ல. 2003ல நியூயார்க்ல பில் வாசிக்னு ஒருத்தரு, ஹார்ப்பர்ஸ் பத்திரிகையில ஆசிரியர் குழுவுல இருந்தவரு, பேரு போடாம ஈமெயில் அனுப்பி ஆரம்பிச்சதுதான் இந்த ஃபிளாஷ் மாப், அதாவது ஆளுங்க திடீர்னு ஓரெடத்துல கூடி எதையாவது செஞ்சிட்டு ஒடனே கலஞ்சி போறது. மொத தடவ விஷயம் லீக்காயி கடை வாசல்ல போலீஸ் நின்னுச்சு, புட்டுக்கிச்சு. அடுத்தது மேசிஸ்னு பெரிய கடை, 9ஆவது மாடி, கம்பளம் விக்கிற இடம். நூறு பேருக்கு மேல போயி ஒரே ஒரு கம்பளத்தச் சுத்தி நின்னுக்கிட்டு, நாங்கல்லாம் ஒரே கொடவுன்ல ஒண்ணா குடியிருக்கோம், எது வாங்குறதா இருந்தாலும் சேந்துதான் முடிவு பண்ணுவோம்னு விக்கிறவங்ககிட்ட முகத்த சீரியஸா வெச்சிக்கிட்டு சொன்னாங்க. பத்து நிமிஷம், அப்புறம் கலஞ்சி போயிட்டாங்க. அவ்ளோதான் சங்கதி. நான்தான் ஆரம்பிச்சேன்னு அவரு 2006லதான் வெளிய சொன்னாரு, அதுவும் ஃபேஷனுக்குப் பின்னாடி ஆட்டு மந்தையா ஓடுற ஆளுங்கள சோதிச்சிப் பாக்கத்தான் செஞ்சேன்னு. அவரு கிண்டலுக்குச் செஞ்சத உலகம் ஜாலியா எடுத்துக்கிச்சி, அதுல எனக்கு ஒரு சந்தோஷம்.

நம்ம நாட்டுலயும் இருக்கு. கோலாலம்பூர்ல மலேசியா தினத்த ஒட்டி கெரெத்தாப்பி சாரோங்னு (கைலி ரயிலுன்னு அர்த்தம்) நடத்துறாங்க, சாரோங் கட்டிக்கிட்டு ரயில் ஏறணும், கடைசியா எங்க போயி சேருறோம்னு முன்கூட்டி சொல்ல மாட்டாங்க. சீனப் பொண்ணுங்க, மலாய்க்கார பசங்க, நம்மாளுங்க எல்லாம் ஒரே பெட்டியில. எங்க ஊருக்கு ரயிலு கெடயாது, சுத்தி செம்பனத் தோட்டம்தான். ஆனா கைலி இருக்கே, கைலிக்கு நம்ம தோட்டத்து ஆளுங்ககிட்ட என்ன பஞ்சம். யாரோ ஒரு பய (யாருன்னு இன்னிக்கி வரைக்கும் தெரியல, தெரியாம இருக்குறதுதான் நல்லது) மெசேஜ் தட்டி விட்டுட்டான்: ஞாயித்துக்கிழம அஞ்சர மணி, திடல், கைலி கட்டிட்டு வாங்க, பெரட்டு போடப் போறோம், பத்து நிமிஷத்துல கலஞ்சிடணும்.

பெரட்டுன்னா என்னன்னு இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்குத் தெரியாது. தோட்டத்துல விடிகால இருட்டுல எல்லாரும் வரிசையா நிப்பாங்க, வேல வாங்குற மண்டோர் பேரு கூப்புடுவாரு, கணக்குப் புள்ள கிராணி செக்ரோல்ங்கிற பேரேட்டுல குறிப்பாரு, லேட்டா வந்தா அன்னிக்கி பேரு விழாது, பேரு விழலன்னா சம்பளம் கெடயாது. எங்க அம்மா அந்தப் பெரட்டுக்குப் பயந்து காய்ச்சலோட ஓடியிருக்கு, புள்ளைய ஆயா பாத்துக்குற ஆயாக்கொட்டாய்ல தூக்கிப் போட்டுட்டு. அந்தப் பெரட்டதான் இவனுங்க ஞாயித்துக்கிழம சாயங்காலம் நடத்துனானுங்க. ரிட்டையர் ஆன மண்டோர் தாத்தா ஒருத்தர எங்கேருந்தோ புடிச்சிட்டு வந்து நடுவுல நிக்க வெச்சிட்டாங்க. அவரு கைலிய மடிச்சி கட்டிக்கிட்டு, பழைய குரல்ல, பழைய கெட்ட வார்த்தையோட (கொஞ்சம் சென்சார் பண்ணிதான்), "இன்னிக்கி எல்லாருக்கும் ஒரே வேல, சும்மா நிக்கிறது! அசஞ்சவனுக்கு அர நாளு பேரு!"ன்னு கத்துனாரு பாருங்க, திடலே குலுங்கிச்சு. நாங்க எல்லாம் சும்மா நின்னோம். பக்கத்துல நின்ன பெரியம்மா ஒண்ணு, "நாப்பது வருசம் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டியிருக்கேன்டி, சும்மா நிக்கிறதுக்குப் பேரு விழுறது இதான் மொத தடவ"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. கொஞ்ச நேரத்துல மண்டோர் தாத்தா "வேல முடிஞ்சிருச்சி, வீட்டுக்குப் போங்க"ன்னாரு. போயிட்டோம்.

போலீஸ் ரோந்து காடி ஒண்ணு மெதுவா வந்து நின்னுச்சு, உண்மதான். போலீஸ்காரரு கண்ணாடிய எறக்கி மலாய்ல "அடா அப்பா நீ?" (என்ன நடக்குது?)ன்னு கேட்டாரு, கிட்ட நின்ன அக்கா "தாக் அடா அப்பா-அப்பா துவான், சாஜா" (ஒண்ணுமில்ல ஐயா, சும்மாதான்)ன்னுச்சி, அவரு சிரிச்சிட்டுப் போயிட்டாரு. குரூப்ல சொல்ற மாதிரி ரெய்டெல்லாம் ஒண்ணும் வரல.

ஆனா பயப்படுறவங்க சொல்றதுலயும் விஷயம் இருக்கு. 2012 அமைதிப் பேரணிச் சட்டத்துல, போலீசுக்கு முன்கூட்டி நோட்டீஸ் குடுக்க வேணாம்னு ஒரு பட்டியலே இருக்கு: சமயக் கூட்டம், சவ ஊர்வலம், கல்யாண விருந்து, பெருநாளுக்கு வீட்டத் தொறந்து வெச்சி விருந்து போடுற திறந்த இல்லம், குடும்பக் கூட்டம், கம்பெனி குடும்ப தினம், சங்கத்துப் பொதுக்கூட்டம். ஜாலிக்குக் கூடுறது அதுல இல்ல. எனக்கு அது சட்டத்தோட பட்டியலாத் தெரியல, நம்ம வாழ்க்கையோட பட்டியலாத் தெரியுது. சாமி, சாவு, கல்யாணம், விட்டா ஆண்டுக் கூட்டத்துல பொருளாளர் யாருன்னு நாக்காலி சண்ட. இது இல்லாம நம்ம ஜனங்க வேற எதுக்கு ஒண்ணா நிக்கிறோம்? அதுலயும் ஒய்பி (தொகுதி எம்.பி., சட்டமன்ற உறுப்பினரு மாதிரி ஆளு) வரணும்னு ஒன்ற மணி நேரம் வெயில்ல காக்கணும், வந்தா மால, பொன்னாட, பேச்சு, அவரு படம் போட்ட பேனர், அப்புறம்தான் மீகூன் (அரிசி சேமியா) பொட்டலம்.

தோட்டம் இருந்தப்ப இப்படி இல்ல. சம்பளத்துக்கு மறுநாள் திடல்ல வெள்ளத் துணி கட்டி படம் போடுவாங்க, வரிசை வீட்டு லயத்து வாசல்ல கேரம் போர்டு, பந்து வெளையாட்டு, யாரும் யாரையும் அழைக்க வேணாம். தோட்டத்தத் துண்டாக்கி வித்தாங்க, ஆளுக்கொரு தாமான் (குடியிருப்பு), ஆளுக்கொரு ஃபிளாட்டுன்னு போயிட்டோம். இப்ப நாலு பசங்க மோட்டோர நிறுத்திட்டு நின்னா போதும், கேங்குன்னு பேரு. அதே பசங்க வயசுல நாலு பேரு பெரிய ஷாப்பிங் மால்ல ஆடுனா கிரியேட்டிவ், வீடியோ எடுத்துப் போட்டு கை தட்டுவோம். பொம்பளைங்க கத இன்னும் மோசம், கோயிலு, கட, கிளினிக், இந்த மூணு காரணம் இல்லாம சாயங்காலம் வாசலத் தாண்ட முடியுமா? அன்னிக்கி திடல்ல பாதிக்குப் பாதி பொம்பளைங்க, கைலி கட்டி, வேல இல்லாம, நின்னோம். எனக்கு அது போதும், அதுக்கு மேல தத்துவம் வேணாம்.

ஆபத்தே இல்லன்னு நான் சொல்ல வரல. நெதர்லாந்துல ஹாரன்னு ஒரு சின்ன ஊரு, 2012ல ஒரு பொண்ணு பதினாறாவது பொறந்தநாளுக்கு ஃபேஸ்புக்ல அழைப்பு போடுறப்ப பப்ளிக்குன்னு விட்டுருச்சி, ஆயிரக்கணக்குல ஆளு எறங்கி கல்லு விட்டு, காடி எரிச்சி, கடைய கொள்ளையடிச்சி ஊரே நாசம். ஆனா 2011 நவம்பர்ல மும்பை சிஎஸ்டி ஸ்டேஷன்ல சுமார் 200 பேரு திடீர்னு ஆடுனதையும் பாருங்க, அதுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி அதே ஸ்டேஷன்ல துப்பாக்கியால சுட்டு ஜனங்க விழுந்த எடம் அது. ஹாரன்ல என்ன பண்ணணும், எப்பக் கெளம்பணும்னு யாரும் சொல்லல, வெறும் அழைப்பு மட்டும் பரவுச்சி. எங்க பய பத்து நிமிஷம்னு கறாரா போட்டிருந்தான் பாருங்க, அங்கதான் அவன் மூளைய நான் மெச்சுறேன்.

எனக்குப் புடிக்காதது விளம்பரக் கூத்துதான். 2009ல லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல டி-மொபைல்னு ஒரு ஃபோன் கம்பெனிக்காரன் ரிகர்சல் பண்ணி நூத்துக்கணக்குல டான்சர்ஸ எறக்கி ஆட வெச்சான். அழகா இருந்துச்சி, நானும் பாத்தேன், ஆனா அது சிம் கார்டு விக்கிற வேல.

இப்ப குரூப்ல புதுசா ஒண்ணு கெளம்பியிருக்கு, அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். "நல்லா இருந்துச்சி, இத ஒழுங்குபடுத்தி வருஷா வருஷம் பண்ணலாம்"னு ஒரு அண்ணன். உடனே தலைவர், செயலாளர், டி-ஷர்ட்டுக்கு ஆளுக்கு 25 வெள்ளி (ரிங்கிட்), தொறந்து வைக்க ஒய்பிக்கு லெட்டர். அண்ணே, கால்ல விழுறேன், வேணாம். டி-ஷர்ட்டு வந்தா கைலி போயிடும், ஒய்பி வந்தா மண்டோர் தாத்தா ஓரமா நிக்கணும். 25 வெள்ளிய நீங்களே வெச்சிக்குங்க, கடையில பெரியம்மாவுக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் குடுங்க, அன்னிக்கி கலஞ்சதும் டீ இல்லையான்னு அது ஒண்ணுதான் கேட்டுச்சு.